மாலத்தீவில் காசநோய் சிகிச்சை: தீவில் இருந்து மாத்திரை கொடுத்த ஒரு செவிலியரின் மதிப்புரை

மாலத்தீவின் தேசியக் காசநோய்த் திட்டத்தின் கீழ் நடைபெறும் சிகிச்சைச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. அங்கே செவிலியர் பணிக்குப் போகிறவர்களும், கட்டட வேலைக்கும் விடுதி வேலைக்கும் போகும் தம்பிமாரும் புறப்படுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். தலைநகர் மாலேயிலிருந்து வெகு தொலைவில், மூவாயிரம் பேர் அளவில் வாழும் ஒரு தீவின் சுகாதார நிலையத்தில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தேன். அந்தக் காலத்தில் என் பொறுப்பில் காசநோய்ச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் சேவையை எடைபோடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரம் பேர் மட்டுமே வாழும் நாட்டில், ஓராண்டில் பதிவாகும் மொத்த நோயாளிகளே சில நூறுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அங்கே ஐந்து பேர் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கை அன்று.

சிகிச்சை வெற்றி விகிதம் என்று ஆண்டறிக்கைகளில் வருவது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த நாட்டின் எண்ணையும் நம்பவும் கூடாது, இகழவும் கூடாது. குறிப்பிட்ட ஓராண்டில் சிகிச்சையில் சேர்ந்த எல்லாரையும் ஓர் அணியாக எடுத்துக்கொண்டு, சிகிச்சை முடியும் அளவுக்குக் காலம் கடந்த பின்பு, ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். கிருமி நீங்கியதைப் பரிசோதனை உறுதிசெய்திருந்தால் ‘குணமடைந்தவர்’. மருந்தை முழுமையாக உண்டு முடித்து, இறுதிப் பரிசோதனை முடிவு மட்டும் கையில் இல்லையென்றால் ‘சிகிச்சையை முடித்தவர்’. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வெற்றி. சிகிச்சைக் காலத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், தொடர்ந்து இரண்டு மாதம் மருந்தை விட்டாலும், வேறிடத்துக்குப் போய் முடிவு தெரியாமல் போனாலும் அது வெற்றியில் சேராது. ஆனால் வகுக்கும் எண்ணில் அவர்கள் இருப்பார்கள். 1991இல் உலக சுகாதாரப் பேரவை 85 விழுக்காட்டினரைக் குணப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. பின்னர் அது 90 விழுக்காடு வெற்றி என்று உயர்ந்தது. 2022இல் சிகிச்சை தொடங்கியவர்களில் உலக அளவில் 88 விழுக்காட்டினர் வெற்றிகரமாக முடித்தார்கள்.

இனி என் பதிவேட்டைப் பாருங்கள். ஐந்து பேரில் மூவர் முடித்தார்கள். ஒரு மூதாட்டி மூன்றாவது மாதத்தில் மாரடைப்பால் இறந்தார். ஒருவர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். ஆக, என் தீவின் வெற்றி விகிதம் 60 விழுக்காடு. எந்தக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னாலும் தலைகுனிய வேண்டியதுதான். ஆயினும் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட மருந்து இல்லாததாலோ, யாரும் கவனிக்காததாலோ சிகிச்சையை இழக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். நாற்பது பேர் கொண்ட அணியில் ஒரு மரணம் இரண்டரை விழுக்காட்டைக் கொண்டுபோய்விடும். பல லட்சம் பேரைக் கொண்ட இந்திய அணியில் அதே மரணம் எந்தப் புள்ளியிலும் தெரியாது. சிறிய தீவு நாடு ஒன்றின் விகிதம் ஓராண்டு ஏறி, மறு ஆண்டு சரிந்தால், சேவை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்பு, அந்தச் சரிவில் இருக்கும் நான்கைந்து பேர் யார் யார் என்று கேட்க வேண்டும். அந்த நாட்டில் அப்படிக் கேட்க முடியும், பெயர் சொல்லிப் பதிலும் பெற முடியும்.

சேவையின் சிறந்த பகுதி, தினமும் காலையில் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நோயாளியும் அமர்ந்து நடத்தும் அந்த ஐந்து நிமிடம்தான். முதல் இரண்டு மாதங்களுக்கு ரிஃபாம்பிசின், ஐசோநியசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையில் இருக்கும். உடல் எடையைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். அந்த ஐந்து பேரில் ஒருவரான மீனவர் 48 கிலோ இருந்தார், அவருக்கு மூன்று மாத்திரை. அட்டையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்து முடித்ததும், சிகிச்சை அட்டையில் அன்றைய தேதிக் கட்டத்தில் நான் ஒரு கோடு இழுப்பேன். அவர் எழுந்து போவதற்கு முன் அந்தக் கோட்டை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார். முதல் நாளே, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அப்படியும் மறுநாள் விடிகாலையிலேயே மனைவியோடு வந்து நின்றார், ரத்தம் போகிறது என்று இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்தின் நிறம்தான் அது, மருந்து உடம்பில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று மறுபடி சொன்ன பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. எழுதிக் கொடுத்த தாளைவிட, அந்தக் காலையில் உட்காரவைத்துப் பேசிய பத்து நிமிடம்தான் அவரை ஆறு மாதமும் கொண்டுசேர்த்தது என்று நம்புகிறேன்.

அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்றாலும் மாத்திரைக்கு விடுமுறை கிடையாது. அன்று பணியில் இருக்கும் செவிலியர் கொடுப்பார். ஆள் வரவில்லையென்றால் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக இருபது நிமிடம் போதும். பெருநகரத்து மருத்துவமனையில் இப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்பதை நம் ஊரில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். நோயாளியை மருத்துவமனையில் மாதக்கணக்கில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டியது நம் சென்னைதான் என்பதையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு 1959இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் சானட்டோரியம் எனப்படும் காசநோய்த் தங்கு மருத்துவமனையில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள், வீட்டாருக்கு நோய் தொற்றும் அபாயமும் கூடவில்லை என்று அது காட்டியது. சானட்டோரியம் கட்டுவதற்கு இடமே இல்லாத ஒரு பவளத் தீவில் அந்த முடிவின் பலனை நான் நாள்தோறும் கண்ணால் கண்டேன்.

ரமலான் மாதத்தை இந்தச் சேவை கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அந்த மீனவர் அதற்கு ஒப்பவில்லை. ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் உண்பதே நல்லது. நோன்பு திறந்த பின்பு என்றால் வயிறு நிறைந்திருக்கும், பகலில் என்றால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் விடியலுக்கு வெகு முன்பே வந்து மாத்திரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கழித்து, நோன்பு தொடங்குவதற்கு முன் உண்ணும் சஹர் உணவை உண்பது என்று முடிவுசெய்தோம். அதிகாலை மூன்றே முக்காலுக்குக் கைவிளக்கோடு வருவார். முப்பது நாளும் வந்தார். இப்படிச் செய்யச் சொல்லி எந்தக் கையேடும் எனக்குக் கட்டளையிடவில்லை. செய்து கொள்ளும் சுதந்திரத்தை மேலதிகாரிகள் கொடுத்தார்கள், அதற்காகவே இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

கடைசி நான்கு மாதங்களில் ரிஃபாம்பிசின், ஐசோநியசிட் இரண்டு மட்டுமே. அப்போது உடம்பு தேறிவிடும், எடை கூடிவிடும், கடலுக்குப் போக மனம் துடிக்கும். மாலத்தீவில் சூரை மீனைத் தூண்டில் கழியால் பிடிக்கிறார்கள், படகு கரைக்கு வரச் சில நாள்கூட ஆகும். நம் ‘தோணி’ என்ற சொல்லையே அவர்களும் தங்கள் படகுக்குச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அங்கே முதல் வாரத்தில் கிடைத்த ஆறுதல். படகுத் தலைவரை அழைத்து உட்காரவைத்து, நாள் வாரியாகப் பிரித்த மாத்திரைப் பொட்டலங்களை அவர் கையில் கொடுத்து, அட்டையில் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினோம். படகு திரும்பும்போது அட்டை உப்புத் தண்ணீரில் நனைந்து மடங்கியிருக்கும், ஆனால் கோடுகள் சரியாக இருக்கும்.

இனிக் குறைகள். கடல்தான் முதல் தடை. இரண்டாம் மாத இறுதியிலும் ஐந்தாம் மாதத்திலும் முடிவிலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். எங்கள் தீவில் அந்த வசதி இல்லை, மாதிரியைக் குளிர்ப் பெட்டியில் வைத்துப் படகில் பவளத்திட்டின் தலைமைத் தீவு மருத்துவமனைக்கு அனுப்புவோம். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு புறப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒருமுறை மூடி சரியாக இறுகாத குப்பியிலிருந்து மாதிரி கசிந்து வீணாயிற்று. இன்னொருமுறை நான்கு நாள் துறைமுகத்திலேயே காத்திருந்து கெட்டுப்போயிற்று. முடித்த மூவரில் மீனவர் ஒருவர் மட்டுமே ‘குணமடைந்தவர்’ என்று பதிவானார். மற்ற இருவருக்கும் இறுதி மாதிரியின் முடிவு வந்து சேரவில்லை, எனவே ‘சிகிச்சையை முடித்தவர்’. விகிதக் கணக்கில் மூவரும் சமம். ஒரு மருத்துவப் பணியாளராக எனக்கு மூவரும் சமமில்லை: ஒருவரிடம் கிருமி இல்லை என்று தெரியும், மற்ற இருவரிடம் இல்லை என்று நம்புகிறேன். சிறு தீவு நாடுகளின் உயர்ந்த வெற்றி விகிதத்தைப் பார்க்கும்போது, அதில் குணமடைந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். இந்தச் சேவை உடனே திருத்த வேண்டியது மாதிரிகளின் பயணத்தைத்தான். மூலக்கூறு முறையில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் கருவிகள் இருக்கும் காலத்தில், மாதிரி கருவியிடம் போய்ச்சேர ஒரு வாரம் ஆவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இறந்துபோன மூதாட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீரிழிவும் இதய நோயும் அவருக்கு நெடுநாளாக இருந்தன. சளியில் கிருமி குறைந்துகொண்டிருந்தது. காசநோயால் அவர் இறக்கவில்லை என்றாலும் காசநோய்க் கணக்கில் அவர் இருக்கிறார். அது சரியான விதியே, ஏனெனில் காரணத்தை நாமே தேர்ந்தெடுத்துக் கழிக்கத் தொடங்கினால் எல்லா மரணத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

என் மனத்தை மிகவும் வருத்தியது ஐந்தாமவர் கதை. இராமநாதபுரம் பக்கத்துக் கொத்தனார், இருபத்தாறு வயது, துறைமுகச் சுவர் வேலைக்கு வந்தவர். ஒரே அறையில் ஒன்பது பேரோடு தங்கியிருந்தார். மூன்று வாரம் இருமிய பிறகுதான் வந்தார், அதுவும் மேஸ்திரிக்குத் தெரியாமல். முதல் நாள் “சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். இரண்டாவது வாரத்தில் நான் அவருக்கு அக்காவாகிவிட்டேன். நிலையத்திலிருந்த கையேடுகள் மாலத்தீவின் மொழியான திவேஹியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. திவேஹியை எழுதும், வலமிருந்து இடமாக ஓடும் தானா எழுத்து அவருக்குக் கோலம் போலத்தான் தெரிந்திருக்கும். எதை உண்ண வேண்டும், எப்போது உண்ண வேண்டும், கண் பார்வையில் நிறம் மங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உடன் தங்கியிருந்தவர்களில் வங்காளதேசத்துக்காரர்கள் பலர், அவர்களுக்கு எழுதிக் கொடுக்க எனக்கு வங்காளம் தெரியாது. நாட்டின் கட்டுமான வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்ற நிலையில், அவர்கள் மொழியில் ஒரு பக்கம் அச்சிடுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஐந்து வாரம் ஒழுங்காகச் சென்றது. இருமல் நின்றது. ஆறாவது வாரத்தில் ஒப்பந்த நிறுவனத்துக்குச் செய்தி எட்டியது. முறையாக மருந்து உண்பவர் விரைவிலேயே பிறருக்குப் பரப்பும் நிலையைக் கடந்துவிடுவார் என்று எவ்வளவோ சொன்னோம். நான்கே நாளில் விமானச் சீட்டு எடுத்துவிட்டார்கள். முப்பது நாளுக்கான மாத்திரையும், என்ன மருந்து எப்போது தொடங்கியது என்ற மாற்றுக் கடிதமும் எங்களால் கொடுக்க முடிந்தவை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ‘இடம் மாறியவர்’ என்று எழுதினேன். அந்தச் சொல்லின் பொருள், அவருடைய முடிவு எங்களுக்குத் தெரியாது என்பதே. பல நோயாளிகளுக்கு அதோடு கதை முடிந்துவிடுகிறது. கடற்கரை வரைக்கும் ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணிக் கொடுக்கும் சேவை, கடற்கரைக்கு அப்பால் ஒரு தொலைபேசி அழைப்புக்குக்கூட யாரையும் பொறுப்பாக்கவில்லை. என் மதிப்புரையின் கடுமையான குறை இதுதான். வெற்றி விகிதத்தைக் கீழே இழுப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே என்பது என் கருத்து: தோற்ற சிகிச்சை அன்று, தொடரப்படாத தகவல்.

பயந்தபடியே நடந்தது. ஊருக்குப் போனவர் முப்பது நாள் மாத்திரையை முடித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகக் கூச்சப்பட்டுப் பன்னிரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் விடாமல் அழைத்து, அவருடைய அம்மாவிடம் பேசி, ஒருவழியாக அனுப்பிவைத்தேன். மறுநாள் அவர் அழைத்தார். “அக்கா, அங்க கடைசி நாலு மாசம் ரெண்டு மருந்துதான்னு சொன்னீங்க. இங்க மூணு இருக்குன்னு சொல்றாங்க. மாத்திக் குடுத்துட்டாங்களோ? சாப்பிடவா, வேண்டாமா?” நல்ல கேள்வி. இந்தியாவில் தொடர் சிகிச்சைக் கட்டத்தில் எத்தாம்பியூட்டாலையும் சேர்த்தே மூன்று மருந்து கொடுக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கமான முறையில் இரண்டு. இரண்டும் சரியான முறையே. ஆனால் இதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, மாற்றுக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதத் தவறியது நான்தான். நாடு விட்டு நாடு போகும் நோயாளிக்கு ‘அங்கே மாத்திரையின் நிறமும் எண்ணிக்கையும் மாறலாம், நிறுத்தாதே’ என்று ஒரு வரி எழுதுவது மருந்தைப் போலவே அவசியம்.

அங்கே வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு நான் சொல்வது இது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காமல் தீவின் சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே உங்களை மரியாதையோடுதான் நடத்துவார்கள். ஊருக்கு அனுப்பப்பட்டால் சிகிச்சை அட்டையின் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடிதம் தொலைந்தாலும் அது இருக்கும். இறங்கிய வாரத்திலேயே அரசு நிலையத்தில் நிக்ஷய் என்னும் இந்திய அரசின் காசநோயாளிகள் பதிவில் சேருங்கள். 2018 ஏப்ரல் முதல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. போகும் செவிலியர்களுக்கு ஒன்றே ஒன்று: மாற்றி அனுப்பும் ஒவ்வொருவரின் ஊர் எண்ணையும், வீட்டார் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2015இலும் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016இலும் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நாடு மாலத்தீவு. நூற்றுக்கணக்கான தீவுகளில் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலை அது. காசநோய்க்கும் அதைச் செய்யும் ஆற்றல் அவர்களிடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே உள்ளூர் நோயாளிக்குக் கிடைக்கும் அன்றாடச் சேவையை நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தது என்பேன், பரிசோதனை மாதிரிகளின் போக்குவரத்தைச் சுமார் என்பேன், நாட்டை விட்டுப் போகும் நோயாளியை ஒப்படைக்கும் முறையைப் போதாது என்பேன்.

கொத்தனார் இடையில் விட்ட பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்து மருந்தை உண்டு முடித்தார். அன்று மாலை அவருடைய அட்டையின் படம் வைபர் செயலியில் வந்தது, கடைசிக் கட்டத்தில் நிலையத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. அதைத் தலைமைத் தீவின் காசநோய்ப் பொறுப்புச் செவிலியருக்கு அனுப்பினேன். அந்த ஆண்டின் அணிக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை, திருத்தலாம் என்று அவர் பதில் எழுதினார். பதிவேட்டை எடுத்து, ‘இடம் மாறியவர்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘சிகிச்சையை முடித்தவர்’ என்று எழுதித் தேதி போட்டேன். என் தீவின் விகிதம் 80 ஆயிற்று.